சித்திரை லீவில குளத்தடிச் சிரமதானம்: போன வருசம் விட்ட பிழையளை இந்த முறை விடாமல் இருக்க என்ன செய்யலாம்?

எழுதியவர்: அலைகரை

எல்லாருக்கும் வணக்கம். நான் முல்லைத்தீவு மாவட்டம், துணுக்காய்ப் பக்கம். எங்கட பக்கத்து ஊர்ப் பேருகளைக் கேட்டாலே விளங்கும்: ஆலங்குளம், தென்னியங்குளம், உயிலங்குளம், அம்பலப்பெருமாள்குளம், கோட்டைகட்டியகுளம். குளத்தைச் சொல்லாமல் ஊரைச் சொல்லேலாது. எங்களிட்டையும் ஒண்டு இருக்கு. வவுனிக்குளம் மாதிரிப் பெரிசில்லை. குளக்கட்டின்ரை இந்தத் தொங்கலில நிண்டு கூப்பிட்டால் அந்தத் தொங்கலில கேக்கும், அவ்வளவுதான். ஆனால் நான் சோறு திண்டு வளர்ந்தது அந்தத் தண்ணியில விளைஞ்ச நெல்லில.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில நான் செயலாளர். போன சித்திரையில, வருசப்பிறப்பு முடிஞ்ச ஞாயிற்றுக்கிழமை, குளத்தடியில ஒரு சிரமதானம் வைச்சனாங்கள். பிள்ளையளுக்குப் பள்ளிக்கூட லீவு. காலபோகம் வெட்டி அடிச்சு முடிஞ்சுது, சிறுபோகத்துக்கு இன்னும் தண்ணி திறக்கேல்லை. கொழும்பிலயும் யாழ்ப்பாணத்திலயும் வேலை செய்யிற பெடியளும் வந்து நிண்டவை. வேம்பு பூத்து ஒழுங்கை முழுக்க வெள்ளையாய்க் கொட்டிக் கிடக்கிற நாள். குளத்தடிக்குப் போறதுக்கு வருசத்தில அதைவிட நல்ல காலம் இல்லை. நாற்பது பேருக்கு மேல வந்தவை. காலமை வேலை, மத்தியானம் சமைச்சுச் சாப்பாடு, பின்னேரம் கயிறிழுவை, கிளித்தட்டு, முட்டி உடைக்கிறது எண்டு திட்டம் போட்டிருந்தனாங்கள்.

மூண்டு விசயம் பிழைச்சுப் போச்சு.

முதலாவது மரக்கண்டு. 60 கண்டு வாங்கிக் கட்டு நீளத்துக்கு நட்டனாங்கள். பிள்ளையள் ஒவ்வொருத்தரும் தங்கட பேரை மட்டையில எழுதிக் கம்பில கட்டினவை. வைகாசியில சோழகம் வீசத் தொடங்க எல்லாம் கருகத் தொடங்கிட்டுது. பின்னேரத்தில ரண்டு குடம் கொண்டு போய் ஊத்தினனான். தனி ஒரு ஆளால எத்தினையைக் காப்பாத்தேலும்? ஆவணிக்கு நாலு கண்டுதான் மிச்சம். பேர் எழுதின மட்டையள் மட்டும் கம்பில நிண்டுது. பள்ளிக்கூடம் போற பிள்ளையள் தங்கட பேரைப் பாத்துப் பாத்துப் போனதை நான் கண்டனான். ஒரு நாள் விடியப்புறம் போய் மட்டை எல்லாத்தையும் நானே கழட்டிக்கொண்டு வந்திட்டன்.

ரண்டாவது, புல்லு வெட்டுற மெசினோட ஒரு பெடியன் அலைகரைப் பக்கம் (குளத்துக்குத் தண்ணி வந்து சேருற மேல்பக்கம்) போனவன். ஆக்காட்டி ரண்டு தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்தினது. ஆரும் கவனிக்கேல்லை, மெசின் சத்தம் வேற. அவன் போன பிறகு என்ரை மகள்தான் கண்டவள், வெறும் தரையில மஞ்சள் கருவும் கோதும். ஒரு முட்டை மட்டும் உடையாமல் கிடந்தது. பிள்ளை அதைக் கையில தூக்கி வைச்சுக்கொண்டு, "அம்மா, இதுக்குச் சூடு இருக்கு" எண்டவள். அதுக்குப் பிறகு அவள் பின்னேர விளையாட்டுக்கு வரேல்லை.

மூண்டாவதுதான் பெரிசு. கூட்டின குப்பையை (சொப்பிங் பை, லன்ச் சீற், யோகட் கப், வெட்டின பத்தை எல்லாம்) ஒரு இடத்தில குவிச்சுக் கொளுத்தினனாங்கள். கொஞ்ச நேரத்தில உள்ளுக்குள்ள ஒண்டு வெடிச்சது. ஒரு துவக்குச் சன்னம், அவ்வளவுதான் எண்டு பிறகு சொன்னவை. ஒருத்தருக்கும் காயமில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு அங்க நிண்ட பெரியாக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில நிலத்தில விழுந்ததையும், ஏனெண்டு விளங்காமல் பிள்ளையள் நிண்டுகொண்டு எங்களைப் பாத்ததையும் என்னால மறக்கேலாது. அண்டைக்கு ஒருத்தரும் சாப்பிடேல்லை.

இந்த வருசம் கூட்டத்தில சிரமதானக் கதையை எடுத்தவுடனை தாய்மார், "நாங்கள் வாறம், பிள்ளையளை விடமாட்டம்" எண்டு ஒரே வார்த்தையாய்ச் சொல்லிப் போட்டினம். அவையில பிழை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் பிள்ளையள் இல்லாமல் இதைச் செய்ய எனக்கு மனமும் இல்லை. நான் அந்தக் குளத்தைச் சுத்தி ஓடி வளர்ந்தனான். என்ரை மகளின்ரை வயசுப் பிள்ளையளுக்குக் குளம் எண்டால் "அங்கால போகாதை" எண்ட சொல்லு மட்டும்தான்.

நான் கேக்கிறது இதுதான். சித்திரையில குளத்தடியில செய்யக்கூடிய சரியான வேலை என்ன? பிள்ளையளை என்னத்தில சேர்க்கலாம்? அந்தத் தாய்மாருக்கு நான் என்ன உறுதி குடுக்கேலும்? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.


எழுதியவர்: கவனமாய் நட

தங்கச்சி, நான் மிதிவெடி அகற்றுற வேலையில எட்டு வருசம் நிண்டனான். என்னோட நிண்டவையில கனபேர் பொம்பிளையள்தான், புருசனை இழந்த ஆக்கள், பிள்ளையளைத் தனிய வளர்க்கிற ஆக்கள். அதால உங்கட தாய்மார் சொல்லுறது எனக்கு நல்லா விளங்கும். முதல் இந்த விசயத்தை முடிச்சுப்போட்டுத்தான் மற்றக் கதை.

ஒண்டையும் கொளுத்தாதையுங்கோ. எங்கட மண்ணில இது சட்டம் மாதிரி இருக்க வேணும். குப்பைக்கு நெருப்பு வைக்கேக்க வெடிச்ச சம்பவம் வன்னியில எத்தினையோ. கை போனவை இருக்கினம், உயிர் போனவையும் இருக்கினம். உங்களுக்குச் சன்னத்தோட போனது கடவுள் செயல். கூட்டினதைச் சாக்கில கட்டி, பிரதேச சபை உழவு இயந்திரம் வந்து ஏத்திற மாதிரி ஒரு கிழமைக்கு முதலே கடிதம் குடுங்கோ.

அடுத்தது, கிண்டாதையுங்கோ. வேலை செய்யிற இடம் நாளாந்தம் ஆள் நடக்கிற, மாடு மேயிற, உழுத இடமாய் இருக்கட்டும். பத்தைக்குள்ள புதுசாய் வழி வெட்டிப் போறது வேண்டாம். துப்புரவாக்கின காணிதானே எண்டும் நினைக்காதையுங்கோ. வெள்ளம் மண்ணை அரிச்சுக்கொண்டு போனால் முந்தி ஆழத்தில கிடந்தது மேல வரும், வேற இடத்தால உருண்டும் வரும். 2018 மார்கழியில இரணைமடு வான்கதவு திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு வெள்ளத்துக்குள்ள நிண்டுதே, அதுக்குப் பிறகு நாங்கள் இதைத்தான் ஊர் ஊராய்ப் போய்ச் சொன்னனாங்கள். குளத்து வாய்க்காலும் அலைகரையும் தண்ணி கொண்டுவந்து போடுற இடங்கள்.

தாய்மாருக்கு நீங்கள் குடுக்கக்கூடிய உறுதி இதுதான் எண்டு நான் நினைக்கிறன். சிரமதானத்துக்கு இரண்டு நாளைக்கு முதல், பிள்ளையள் நிக்கப்போற இடம் முழுக்கப் பெரியாக்கள் நாலு பேர் காலால நடந்து பாருங்கோ. அந்தத் தாய்மாரில ரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்கள் சொல்லி அவை நம்புறதைவிடத் தாங்களே நடந்து பாத்தால் நெஞ்சு ஆறும். எல்லைக்கு ஒரு கயிறு கட்டுங்கோ. கயிறுக்கு அங்கால பிள்ளையள் இல்லை.

மிதிவெடி வேலை செய்யிற நிறுவனங்களில, ஹலோ ட்ரஸ்ட், மாக் போல, விழிப்புணர்வு சொல்லுற ஆக்களும் இருக்கினம். கிராம அலுவலருக்கு ஊடாய்க் கேட்டுப் பாருங்கோ, வந்து பிள்ளையளுக்கு ஒரு அரை மணித்தியாலம் படத்தோட சொல்லிக் குடுக்கக்கூடும். ஆரும் வராட்டி நீங்களே இதை மட்டும் சொல்லிக் குடுங்கோ: தெரியாத இரும்பைக் கண்டால் தொடாதை, கல்லால எறியாதை, அப்பிடியே நில், வந்த காலடியாலயே திரும்பிப் போய்ப் பெரியாளிட்டச் சொல்லு. சொன்ன பிள்ளையை ஒருத்தரும் பேசக்கூடாது, அது வெறும் ரின் பேணியாய் இருந்தாலும். பேச்சு வாங்கின பிள்ளை அடுத்த முறை சொல்லாது. பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990. இரண்டையும் ஒரு மட்டையில பெரிசாய் எழுதி மரத்தில கட்டுங்கோ.

ஆக்காட்டி முட்டைக் கதையை வாசிச்சு எனக்கு அழுகை வந்திட்டுது. உங்கட மகளுக்கு என்ரை அன்பைச் சொல்லுங்கோ.


எழுதியவர்: துருசுத் தண்ணி

பிள்ளை, நான் நீர்ப்பாசன வேலையில 30 வருசத்துக்கு மேல மேற்பார்வையாளனாய் நிண்டு இளைப்பாறினவன். உன்ரை கேள்வியில எல்லாரும் வெடிச்சதைத்தான் பாப்பினம். நான் அந்த 60 கண்டையும் பாக்கிறன். அது செத்ததுக்கு நீ கவலைப்படாதை. நிண்டு வளர்ந்திருந்தால்தான் உங்கட குளத்துக்குக் கவலை.

மண்கட்டில மரம் நடக்கூடாது. வேர் ஈரத்தைத் தேடிக் கட்டுக்குள்ள போகும். மரம் உயிரோட நிக்கேக்க வேர் மண்ணை நெகிழ்த்தும். செத்தால் வேர் உக்கிக் குழாய் மாதிரி ஓட்டை விடும். அந்த ஓட்டையால மார்கழித் தண்ணி வழி கண்டுபிடிச்சால் கட்டு உடையிறதுக்கு ஒரு இரவு காணும். காத்துக்குச் சாஞ்சால் வேரோட கட்டில ஒரு துண்டையும் பேத்துக்கொண்டு விழும். ஆனால் இதையும் கேள்: கட்டில பழைய மருது நிண்டால் அதை வெட்டாதை. வெட்டினால் அடிவேர் உள்ளுக்க நிண்டு உக்கும், அதுதான் மோசம். அதைத் திணைக்களக்காரர் வந்து பாத்து முடிவெடுக்கட்டும்.

அடுத்த பிழை மண்வெட்டியால கட்டைச் செதுக்கிறது. சிரமதானம் எண்டால் எங்கட சனத்துக்கு நிலம் சிவப்பாய்த் தெரிய வேணும், அப்பத்தான் துப்புரவு எண்டு நினைப்பினம். அறுகும் கோரையும் கட்டின்ரை தோல். அதை உரிச்சால் முதல் மழைக்கே கட்டு வாய்க்கால் வாய்க்காலாய் அரிக்கும். பத்தையை வெட்டு, புல்லை ஒரு சாண் விட்டு வெட்டு, வேரைத் தொடாதை.

சித்திரையில குளத்துக்குச் செய்யிற பெரிய உதவி பாக்கிறதுதான். தண்ணி இறங்கி நிக்கும், அதால உள்பக்கத்து அலைகல்லு முழுக்கத் தெரியும். எங்க கல்லு சரிஞ்சிருக்கு, எங்க கறையான் புத்து, எங்க முள்ளம்பன்றி வளை, எங்க மாடு ஏறி இறங்கிக் கட்டுப் பதிஞ்சிருக்கு, துருசுக் கதவு (வாய்க்காலுக்குத் தண்ணி திறந்து விடுற கதவு) துருப்பிடிச்சு இறுகிப் போச்சோ. ஒரு கொப்பி எடுத்துக் கட்டு நீளத்துக்கு நட. காலடி எண்ணி எழுது: பிள்ளையார் கோயிலில இருந்து 120 காலடி, வளை ஒண்டு, கை முழங்கை மட்டும் போகுது. (கையை விடாதை, தடியை விட்டுப் பார். புடையன் பாம்பு படுக்கிற இடம்.) வளையைக் கண்டவுடனை மண்ணைப் போட்டு மூடாதை, மேல மூடினால் உள்ளுக்க வெறுமையாய்த்தான் கிடக்கும். எழுதி, கமக்காரர் அமைப்புத் தலைவரின்ரை கையெழுத்தோட கமநல சேவை நிலையத்தில குடு. 80 ஹெக்டேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு உள்பட்ட வயலுக்குப் பாயிற குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழதான் வரும். அதுக்கு மேல போனால் நீர்ப்பாசனத் திணைக்களம். உங்கட குளம் சின்னன் எண்டபடியால் எங்க போக வேணும் எண்டு தெரிஞ்சிருக்கிறது நல்லது. சிரமதானத்துக்கு அனுமதியும் அங்கதான் கேக்க வேணும்.

கசிவு பாக்கிறது மார்கழி, தையில, குளம் முட்டி நிக்கேக்க. கட்டின்ரை பின்பக்க அடியில தெளிஞ்ச தண்ணி கசிஞ்சால் எழுதி வை. கலங்கலாய் வந்தால் மண்ணையும் கொண்டு வருது எண்டு அர்த்தம். அண்டைக்கே போய்ச் சொல்ல வேணும், அடுத்த நாளைக்கெண்டு விடாதை.

மரம் வேணுமெண்டால் நடுற இடம் குளத்தின்ரை மேல்பக்கம், தண்ணி வந்து சேருற அலைகரை ஓரம். அங்க மருது, நாவல், புங்கு நிண்டால் வீசுற காத்தை மறிச்சுத் தண்ணி ஆவியாய்ப் போறதைக் குறைக்கும். அதுக்குக் கீழ உள்ள புல்லு, வாற வண்டலைப் பிடிச்சு வைக்கும். எங்கட மூதாதையர் அந்தக் காட்டை வெட்டாமல் விட்டதுக்குக் காரணம் இருந்தது. நடுற காலம் ஐப்பசி, முதல் மழை நிலத்தை நனைச்ச பிறகு. சித்திரையில நட்டால் சோழகத்துக்குப் பலி குடுக்கிறதுதான்.


எழுதியவர்: அலைகரை

ஐயா, கும்பிடுறன். கட்டில நிக்கிற அந்த நாலு கண்டையும் இப்ப என்ன செய்ய? ரண்டு வேம்பு, ஒரு மருது, ஒரு நாவல். மருது என்ரை இடுப்பளவுக்கு வந்திட்டுது.


எழுதியவர்: துருசுத் தண்ணி

மருதும் நாவலும் ஐப்பசி மட்டும் நிக்கட்டும். மழை விழுந்தவுடனை அகலமாய் மண்கட்டியோட எடுத்து அலைகரைக்கு மாத்து. பேர் மட்டையைத் திருப்பிக் கட்டு, ஆரின்ரை கண்டோ அந்தப் பிள்ளை வந்து தூக்கட்டும். வேம்பு ரண்டையும் கோயில் வளவுக்குக் குடு.


எழுதியவர்: உள்ளான்

அக்கா, நான் கிளிநொச்சியில விஞ்ஞானம் படிப்பிக்கிறன். ஒவ்வொரு வருசமும் பங்குனி, சித்திரையில பிள்ளைகளைக் குளக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போறனான். உங்கட மகள் கண்ட முட்டையில இருந்தே தொடங்குறன்.

ஆக்காட்டி கூடு கட்டாது. திறந்த தரையில காலால ஒரு சின்னப் பள்ளம் பறிச்சு, சுத்திவரச் சின்னக் கல்லும் காய்ஞ்ச ஆட்டுப்புழுக்கையும் வைக்கும். பெரும்பாலும் நாலு முட்டை. கூர்முனை நாலும் உள்ளுக்குப் பாத்தபடி, ஒரு பூ மாதிரி இருக்கும். மண்ணின்ரை நிறத்தில கறுப்புப் புள்ளி போட்டிருக்கிறதால ரண்டடி தள்ளி நிண்டாலும் கண்ணுக்குத் தெரியாது. அது முட்டையிடத் தொடங்கிற காலமும் பங்குனி, சித்திரைதான், நாங்கள் சிரமதானம் வைக்கிற அதே நேரம். அதால மெசின் போகமுதல் ஒரு நடை வேணும். தலைக்கு மேல வந்து கத்தினால் கிட்ட முட்டை இருக்கு எண்டு அர்த்தம். உடனை நிண்டு, பின்னால எடுத்து, அந்த இடத்தைச் சுத்தி முப்பது காலடிக்கு ஒரு கயிறு. அந்தக் கயிறைப் பிடிக்கிற வேலையை உங்கட மகளிட்டக் குடுங்கோ. மிதிவெடி வேலை செய்த அக்கா சொன்ன நடையும் இதுவும் ஒரே நடையாய்ப் போகலாம்.

பிள்ளைகளுக்கான நேரம் காலமை ஆறில இருந்து எட்டு. பறவை பாக்கிறதுக்கும் அதுதான் நேரம், வெயிலுக்கும் அதுதான் நல்லது. ஏப்ரல் 5 தொடக்கம் 14 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில வாற நாட்கள். எங்கட வடக்குக்குக் கடைசி நாட்களில வரும். உங்கட சிரமதான ஞாயிறு அந்தச் சூட்டுக்குப் பின்னாலயே வருது. பத்து மணிக்குப் பிறகு கட்டில ஒருத்தரும் நிக்கக்கூடாது. பின்னேரம் இடியும் மின்னலும் வாற காலமும் இதுதான். கட்டு உயரமான திறந்த இடம், அதனால கயிறிழுவையையும் கிளித்தட்டையும் பள்ளிக்கூட முற்றத்துக்கு மாத்துங்கோ.

பறவைக்கு நாங்கள் செய்யிற முறை இது. ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியாள், ஒரு கொப்பி. தொலைநோக்கி ஒண்டு இருந்தால் போதும், இல்லாட்டியும் பரவாயில்லை. சித்திரையில தண்ணி வத்தின சேத்தில நத்தைகுத்தி நாரை நிக்கும், சொண்டு நடுவில பொருந்தாமல் ஒரு இடைவெளி இருக்கும், பிள்ளைகள் உடனை பிடிச்சிடுவினம். மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, செட்டையை விரிச்சு வெயில் காயிற நீர்க்காகம், கழுத்து மட்டும் தண்ணிக்கு மேல தெரியிற பாம்புத்தாரா. குளிர் காலத்துக்கு வந்த உள்ளான்களில கடைசிக் கூட்டம் சித்திரை முடியத் திரும்பிப் போயிடும். அதுகள் ஆயிரக்கணக்கான மைல் வடக்கே பறக்கப் போகுது, எங்கட குளத்துச் சேத்துப் புழுவைத் திண்டுதான் உடம்பில கொழுப்புச் சேர்க்குது எண்டு சொன்னால் பிள்ளைகளின்ரை முகம் மாறும். நான் ஒவ்வொரு வருசமும் அதைப் பாக்கிறன்.

பேரைப் புத்தகத்தில தேடமுதல் வீட்டில அம்மம்மாவைக் கேட்டு வரச் சொல்லுங்கோ. எங்கட பிள்ளை ஒண்டு ஒரு பறவைக்கு நாலு ஊரில நாலு பேர் எண்டு எழுதிக்கொண்டு வந்தது. எண்ணின கணக்கை ஈபேர்ட் செயலியில போடலாம். அடுத்த சித்திரையில ஒப்பிட்டுப் பாக்க ஒரு கணக்கு உங்களிட்ட இருக்கும்.

களை பிடுங்கிறதைப் பற்றியும் ஒண்டு. பாத்தீனியத்தைப் பிள்ளைகளிட்டக் குடுக்காதையுங்கோ. தோல் கடிக்கும், மூச்சிழுப்பும் வரும். பெரியாக்கள் கையுறையும் முகக்கவசமும் போட்டு, பூக்க முதல், வேரோட பிடுங்க வேணும். ஒரு செடி 15,000 விதைக்கு மேல போடும், பூத்ததைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு போனால் நீங்களே விதைச்சதாய் முடியும். பூத்ததை அந்த இடத்திலயே கறுப்புப் பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டி வெயிலில விடுங்கோ, சூட்டில அவிஞ்சு போகும். தண்ணியில மிதக்கிற சல்வீனியாக் களை இருந்தால் அது பிள்ளைகளுக்கு நல்ல பாடம். 1939இல கொழும்புக்குப் படிப்புக்கெண்டு கொண்டு வந்த செடி, பிறகு நாட்டில உள்ள குளம் வாய்க்காலெல்லாம் மூடினது. 1986இல அதை மட்டும் தின்னுற ஒரு சின்ன வண்டைக் கொண்டு வந்து விட்டவை. கரையில ஒதுங்கிறதை நீட்டுத் தடிக்கு வாரி கட்டி இழுக்கலாம். தண்ணிக்குள்ள இறங்க வேண்டாம்.


எழுதியவர்: தோணிக்காரன்

தங்கச்சி, நான் முத்தையன்கட்டில நன்னீர் மீன்பிடி. கனக்க எழுதத் தெரியாது. ரண்டு விசயம்தான்.

தண்ணி குறைஞ்சால் பயமில்லை எண்டு நினைக்காதையுங்கோ. மண் அள்ளின கிடங்கு தண்ணிக்கு அடியில கிடக்கும், முழங்கால் தண்ணியில நிண்ட ஆள் அடுத்த அடியில தாழும். வருசத்துக்கு வந்து குளிச்ச பெடியளைத் தோணியில போய்த் தூக்கினவன் நான். அதை இனிச் செய்ய எனக்கு ஏலாது. துருசடியில ஒருத்தரும் இறங்கக்கூடாது. முதலையும் தண்ணி வத்த வத்த மிச்சம் இருக்கிற ஆழத்தில சேரும். பிள்ளையள் குளிக்க ஆசைப்பட்டால் கிணத்தடியில வாளியால ஊத்துங்கோ. காலில புண் இருக்கிற ஆள் சேத்துக்குள்ள இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல். 2024 மார்கழியில யாழ்ப்பாணத்தில பட்டது தெரியும்தானே. சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் குளிசை வேணுமோ எண்டு சொல்லுவார்.

மற்றது தங்கூசி வலை, மெல்லிய நைலோன் இழையில பின்னினது. தடை எண்டு எல்லாருக்கும் தெரியும், கிழிஞ்சதைக் கரையில எறிஞ்சுபோட்டுப் போறவை இருக்கினம். அது உக்காது. போன மாசம் மருதங்கிளையில ஒரு நீர்க்காகம் தொங்கினது. செட்டை ஒண்டு வலையில சுத்தி, சொண்டு திறந்தபடி. உயிர் இருந்தது. சாரத்தால தலையை மூடிப்போட்டுக் கத்தியால ஒவ்வொரு கண்ணாய் அறுத்தனான். அரை மணித்தியாலம் எடுத்தது. கையைக் கொத்திப் போட்டுத்தான் போனது, போகட்டும். வத்தின கரையில, பத்தைக் கிளையில கிடக்கிற தங்கூசியைப் பொறுக்கிறது பிள்ளையளுக்கு ஏத்த வேலை. கிட்டப் போய் வடிவாய்ப் பாத்தால்தான் கண்ணுக்குத் தெரியும், சின்னக் கண்ணுக்குத்தான் கெதியாய்த் தெரியும். அந்த அக்கா சொன்ன கயிறுக்கு உள்ளுக்க மட்டும். மண்ணுக்குள்ள புதைஞ்சு நிண்டால் இழுக்க வேண்டாம், பெரியாளைக் கூப்பிடட்டும்.

உங்கட குளத்தில மீன் பிடிக்கிற சங்கம் இருந்தால் அவையையும் கூப்பிடுங்கோ. கூப்பிடாமல் செய்தால் தங்களைக் குற்றம் சொல்லுற மாதிரி நினைப்பினம்.


எழுதியவர்: அலைகரை

எல்லாருக்கும் எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை. ஒவ்வொரு பதிலையும் கொப்பியில எழுதி, நேற்றுப் பின்னேரம் சங்கக் கட்டடத்தில வாசிச்சனான்.

முடிவு செய்தது இவ்வளவும். கொளுத்திறது இல்லை, கிண்டிறது இல்லை, கண்டு நடுறது இல்லை. பிரதேச சபைக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் நாளைக்குக் கடிதம் போகுது. வெள்ளிக்கிழமை விடிய ஆறு மணிக்குப் பெரியாக்கள் ஆறு பேர் நடந்து பாத்துக் கயிறு கட்டுறம். ஞாயிறு காலமை பிள்ளையளுக்கு முதல் பறவை, பிறகு தங்கூசி பொறுக்கிறது. ஆம்பிளையள் கட்டில காலடி எண்ணி எழுதுறது, பத்தை வெட்டிறது. ஒன்பதரைக்கு எல்லாரும் பள்ளிக்கூட முற்றத்துக்கு. மெசின் கொண்டு வந்த பெடியனிட்டையும் கதைச்சனான். அந்த முட்டைக் கதை அவனுக்கு இதுவரை தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டுபோட்டு, இந்த முறை கத்தியால வெட்டுறன் எண்டவன்.

கூட்டத்தில ஒரு அக்கா, போன முறை ஆரையும் விடக் கூடப் பயந்தவா, இந்த முறையும் வாய் திறக்கேல்லை. இரவு எட்டு மணிக்கு ரோச்சும் கையுமாய் எங்கட வீட்டை வந்தவா. "வெள்ளிக்கிழமை நடக்கேக்க நானும் வாறன். முழுக்க நடந்து பாத்த பிறகுதான் என்ரை பெடியனை விடுறதோ இல்லையோ எண்டு சொல்லுவன்" எண்டவா. சரி அக்கா, அதுதான் எனக்கும் வேணும் எண்டன். போகேக்க படலையடியில நிண்டு, "கஞ்சிக்கு அரிசி அஞ்சு கிலோ நான் தாறன்" எண்டும் சொன்னவா.

அரிசி சரி, தேங்காய் சரி, பயறு சரி. நாற்பது பேருக்குப் பிளேன்ரீயோட கடிக்கப் பனங்கட்டிதான் காணாது. மல்லாவிப் பக்கம் இருந்து ஞாயிறுக்கு முதல் ஆராவது வாறியளோ?